திரும்பி வரும் பிள்ளைக்கு நாம் பட்ட கடன்

பள்ளிக்கு வராமற்போன ஒரு பிள்ளையைக் குறித்து நம் ஊர்களில் நாம் எவ்வாறு பேசிக்கொள்கிறோம் என்பதைச் சற்றே கவனித்துப் பார்ப்போம். "அவன் படிப்பை நிறுத்திவிட்டான்" என்கிறோம். "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்கிறோம். அரசு அலுவலகத் தமிழில் இதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர். முதற்கூற்றில் செய்தவன் பிள்ளை. இரண்டாவதில் குறை பிள்ளையினுடையது. மூன்றாவதிலும் நடுவழியில் நின்றுபோனது பிள்ளையே. 'நின்றான்' என்பது தன்வினை, 'நிறுத்தினார்கள்' என்பது பிறவினை என்று சிறு வகுப்பிலேயே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் பிறவினை நம் நாவுக்கு வருவதில்லை.

பங்குப் பேரவையினரும் அன்பியத்தாரும் இளைஞர்களும் ஆசிரியர்களோடு சேர்ந்து வீடு வீடாகச் சென்று, பள்ளியை விட்டு விலகிய பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவரும் முயற்சிகள் பல பங்குகளில் நடந்து வருகின்றன. போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும், இச்செயலை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது? இது இரக்கச் செயலா, ஊர் ஒழுங்கை நிலைநாட்டும் செயலா, அல்லது நீதியின்பாற்பட்ட கடமையா? இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. இரக்கம் என்றால் நமக்கு இயன்றபோது செய்யலாம். பெற்றுக்கொண்டவர் நன்றி பாராட்ட வேண்டும் என்றும் எதிர்பார்க்கலாம். ஒழுங்கு என்றால் தவறியவருக்குத் தண்டனை வேண்டும். நீதி என்றால், கணக்கை ஒப்புவிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி நம் பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

நாம் முன்பு பணியாற்றிய கிழக்குக் கடலோரப் பங்கு ஒன்றில் இக்கேள்வி பேரவைக் கூட்டத்திலேயே எழுந்தது. அக்கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்னர் அது 45 நாள்களாக இருந்தது. பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அதே காலம்தான். எனவே பள்ளி திறப்பதும் படகுகள் கடலில் இறங்குவதும் ஜூன் மாதத்தில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு மாதம் கடன் வாங்கி உண்ட வீட்டில், படகு இறங்கும் நாளன்று ஒவ்வொரு கையும் காசாகத் தெரிகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் கரையில் ஐஸ் உடைப்பான், மீன் தரம் பிரிப்பான், வலை சீர்செய்ய உதவுவான். அதைவிட மூத்தவன் படகில் ஏறிவிடுவான். திரும்பும்போது அவனுக்கும் அரைப்பங்கு உண்டு. (கடற்கரையில் 'பங்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். எந்தப் பங்கு பிள்ளையை முதலில் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அவன் வாழ்வு அமைகிறது என்று நமக்குப் பலமுறை தோன்றியதுண்டு.)

ஜூலை மாதத்தில் ஒருநாள் பள்ளித் தலைமையாசிரியையான அருள்சகோதரி ஒரு பட்டியலோடு பேரவைக்கு வந்தார். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, பள்ளி திறந்ததிலிருந்து முகம் காட்டாத பதினான்கு பிள்ளைகள். கூட்டத்தில் இருந்தவர்கள் நல்லவர்கள். ஊரின்மீது அக்கறை உள்ளவர்கள். ஒருவர், பிள்ளையை அனுப்பாத வீட்டுக்கு ஊர்க் கமிட்டி அபராதம் விதிக்கலாம் என்றார். இன்னொருவர், ஞாயிறு திருப்பலியின் இறுதியில் அறிவிப்புகளோடு அப்பிள்ளைகளின் பெயர்களையும் வாசித்தால் பெற்றோருக்கு உறைக்கும் என்றார். அவ்வீட்டு ஆண்கள் திருவிழாவில் சப்பரம் தூக்கக்கூடாது என்று மூன்றாமவர் சொன்னார். அப்போது அன்பியத்தின் சார்பில் வந்திருந்த வயது முதிர்ந்த அம்மா ஒருவர் எழுந்து, "சாமி, பேரு வாசிக்கிறதுன்னா, போன வருசம் ஒன்பதாம் வகுப்பிலே டி.சி. குடுத்து அனுப்பினவங்க பேரையும் சேர்த்து வாசிப்பீங்களா?" என்று கேட்டார். கூட்டம் சற்று நேரம் பேசவில்லை.

பெயர் வாசிக்கும் யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம். திருச்சபைக்கு இதில் நெடிய அனுபவம் உண்டு. தொடக்க நூற்றாண்டுகளில் பெரும் பாவம் செய்தோர் கோவில் வாயிலில் நின்று, மக்கள் காணத் தவம் செய்தனர். பின்னர் அயர்லாந்துத் துறவியரின் வழியாகத் தனிப்பட்ட பாவ அறிக்கை பரவிற்று. வெளிப்படையான தவம் மெல்ல மறைந்தது. அது மனித இயல்பை அறிந்து செய்த மாற்றம். வெட்கம் ஒருவனைக் கோவிலுக்குள் கொண்டுவருவதைவிட அதிகமாக, கோவிலின் பக்கமே வராமற் செய்கிறது என்பதைத் திருச்சபை கண்டுகொண்டது. அவ்வாறிருக்க, எக்குற்றமும் விசாரிக்கப்படாத, எதையும் அறிக்கையிடாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஊர் முன்னிலையில் வாயிலில் நிறுத்துவது எந்த முறையைச் சேர்ந்தது? அப்பிள்ளை அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும் வரமாட்டான். பள்ளியை இழந்தவன் கோவிலையும் இழப்பான்.

அபராதத்துக்குச் சற்று வலுவான வாதம் உண்டு. ஊர் என்று ஒன்று இருக்குமானால் அதற்கு ஒழுங்கும் வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்தை விற்கப் பெற்றோருக்கு உரிமையில்லை. இங்கிலாந்தில் 1880-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிள்ளைகள் பள்ளி செல்வது கட்டாயமாக்கப்பட்டபோது, அனுப்பாத பெற்றோர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு அபராதம் கட்டினர். அந்நாட்டில் இன்றும் அந்த முறை முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனித்திருப்பார்கள். அதில் வரும் 'கட்டாயக் கல்வி' என்ற தொடரிலுள்ள கட்டாயம் அரசின்மீது சுமத்தப்பட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையைச் சேர்ப்பதும், அவன் தொடர்ந்து வருவதையும் படிப்பை முடிப்பதையும் உறுதிசெய்வதும் அரசின் கடமை என்று சட்டமே விளக்கம் தருகிறது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறும் அச்சட்டம், தவறினால் அவர்களுக்கு இன்ன தண்டனை என்று எதையும் கூறவில்லை. இது சட்டம் இயற்றியோரின் மறதி என்று நாம் எண்ணவில்லை. ஏழையின் அபராதம் மீண்டும் பிள்ளையின் உழைப்பிலிருந்தே கட்டப்படும் என்பதை அறிந்தவர்கள் செய்த முடிவாகவே அது தெரிகிறது.

நம் குருமடங்களில் ஒழுக்கவியல் பயின்ற எவரும் 'ஈடுசெய்தல்' என்ற பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். பிறருக்குரியதை எடுத்துக்கொண்டவன், அல்லது உரியவருக்குச் சேராதபடி தடுத்தவன், அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். இயன்றிருந்தும் திருப்பித் தர மறுப்பவனுடைய மனத்துயர் உண்மையானதன்று. தூய தோமா அக்குவினாஸ் இதை நீதியின் கீழே வைத்துப் பேசுகிறார், அன்பின் கீழே அல்ல. லூக்கா நற்செய்தியில் சக்கேயுவின் சொற்களை நாம் பெரும்பாலும் ஒரே பெருந்தன்மையாக வாசித்துவிடுகிறோம். உற்று நோக்கினால் அவர் இரண்டு தனித்தனிக் கணக்குகளை எழுதுவதைக் காணலாம். உடைமையில் பாதி ஏழைகளுக்கு, அது கொடை. ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு, அது கடன். வரிதண்டும் தொழிலில் தேர்ந்த மனிதருக்கு இரண்டும் வேறு என்பது தெரிந்திருந்தது. நாமோ கடனைக் கட்டிவிட்டுக் கொடை என்று பெயர் எழுதுகிறோம். பள்ளி திறக்கும் மாதத்தில் இலவசக் குறிப்பேடு வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் இவ்வகையைச் சேர்ந்தது.

பள்ளியை விட்டு விலகிய பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது ஈடுசெய்தலே என்பது நம் கருத்து. அப்படியானால், எடுத்துக்கொண்டது யார்?

முதலில் அரசு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க முயல வேண்டும் என்று கூறிற்று. அது அடிப்படை உரிமையாக 2002-இல் திருத்தப்பட்டு, சட்டமாகி 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை தலைமுறை வலை இழுக்கப் போயிற்று என்பதை நம் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பள்ளிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால் தெரியும். தமிழகம் இதில் பிற மாநிலங்களுக்கு முன்னே சென்றது உண்மை. பசித்த பிள்ளை வரமாட்டான் என்பதைக் காமராசர் 1956-இலேயே உணர்ந்து மதிய உணவைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கி, 2024-இல் ஊரகத்திலும் 2025-இல் நகரங்களிலும் நம்முடையவை போன்ற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசைக் குறைகூறுவது எளிது.

பள்ளியைப் பற்றிப் பேசுவது நமக்குக் கடினம், ஏனெனில் பள்ளி நம்முடையது. பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்ற பதாகை பள்ளி வாயிலில் தொங்க வேண்டும் என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே தேறமாட்டாத பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, "இவன் இங்கே இருந்தால் பெயிலாவான், வேறு பள்ளியில் சேருங்கள்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளில் உண்டு என்பதை அறியாதவர் இல்லை. நம் திருச்சபையின் பள்ளிகள் எல்லாம் இதற்கு விலக்கு என்று சொல்ல நமக்கு ஆசைதான். அந்த அம்மா கேட்டது இதைத்தான். எட்டாம் வகுப்புவரை பிள்ளையை வெளியேற்றக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பு அதற்கு அப்பால் நிற்கிறது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு அச்சட்டமே பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் அந்நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பி, அதை மேலும் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பியது. வழக்கு எப்படி முடிந்தாலும், சட்டம் நம்மைக் கட்டாத இடத்தில் மனச்சான்று இன்னும் இறுக்கமாகக் கட்ட வேண்டும் அல்லவா? சிறுபான்மை உரிமை என்பது, எளியோரைச் சேர்த்துக்கொள்வதற்கு நாம் கேட்டுப் பெற்ற உரிமை. அதை வைத்துக்கொண்டு எளியோரை அனுப்பிவிட முடியுமா?

இத்தாலி நாட்டில் லொரென்சோ மிலானி என்ற பங்குத் தந்தை இருந்தார். ஃபுளோரன்சுக்கு வடக்கே மலைமேல் இருக்கும் பார்பியானா என்ற சிற்றூருக்கு 1954-இல் அவர் அனுப்பப்பட்டார். தண்டனை போன்ற ஒரு மாற்றம் என்றே அதைப் பலரும் கருதினர். அங்கே குடியானவர்களின் பிள்ளைகள், அரசுப் பள்ளியில் தோற்று ஆடு மேய்க்கத் திரும்பியிருந்தனர். மிலானி தம் பங்கு இல்லத்திலேயே அவர்களுக்குப் பள்ளி நடத்தினார். காலை முதல் மாலை வரை, விடுமுறையே இல்லாமல். 1967-இல் அம்மாணவர் எண்மர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த பள்ளிகளை நோக்கி 'ஓர் ஆசிரியைக்கு ஒரு கடிதம்' என்ற நூலை எழுதினர். ஒரு பள்ளி எத்தனை பேரைத் தேர்ச்சி பெறச் செய்தது என்பதைவிட எவரை இழந்தது என்றே கேட்க வேண்டும் என்பதும், இழக்கப்பட்டோர் யாவரும் ஏழைகளின் பிள்ளைகளாக இருப்பது தற்செயலன்று என்பதும் அவர்கள் புள்ளிவிவரங்களோடு வைத்த வாதம். நூல் வெளியான சில வாரங்களில் மிலானி இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூன் மாதத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலையேறிச் சென்று அவர் கல்லறையருகே செபித்தார். அதுவரை அத்தந்தையைப் பிடிவாதக்காரர் என்றே பலர் நினைத்திருந்தனர். பிடிவாதக்காரர்தான் என்பதையும் நாம் மறுக்கவில்லை.

நம் அண்டை மாநிலத்தில் நடந்த ஒரு பெருமுயற்சியும் இங்கே நினைக்கத்தக்கது. அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் எம்.வி. அறக்கட்டளை என்ற அமைப்பு, பண்ணைகளிலும் ஆடுமாடுகளோடும் உழைத்த பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிகாட்டிய பேராசிரியை சாந்தா சின்ஹாவுக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது. பகலில் வேலை, இரவில் பள்ளி என்று சமாதானம் செய்துகொள்ள அவர்கள் மறுத்தார்கள். பள்ளியில் இல்லாத பிள்ளை எவரோ ஒருவருக்காக உழைக்கும் பிள்ளையே என்பது அவர்கள் கொள்கை. ஊர் இளைஞர்கள் வீடுதோறும் சென்றார்கள். பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த நிலக்கிழார்களோடு சண்டை போடாமல் உட்கார்ந்து பேசினார்கள். நாள் தவறிய பிள்ளைகளைச் சில மாதங்கள் இணைப்பு முகாம்களில் தங்கவைத்துப் பாடம் சொல்லித் தந்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் வயதுக்கேற்ற வகுப்பு, சிறப்புப் பயிற்சி என்று வருவதைப் படிக்கும்போது இம்முகாம்களின் நினைவு வருகிறது. அங்கே முயற்சி வென்றதற்கு ஒரு காரணம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஊரில் வலியவராயிருந்தவர்கள் எதையோ விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "எல்லாப் பிள்ளைகளும் வறுமையாலா வருவதில்லை? சோறு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, சைக்கிள்கூட அரசு கொடுக்கிறது. ஆனாலும் பையன் சீருடை அணிந்து வீட்டிலிருந்து புறப்பட்டுப் பனங்காட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறானே, அவனுக்கு யார் கடன்பட்டார்கள்?" மட்டம் போடும் பிள்ளையைப் பற்றிய கேள்வி இது. மனிதனுக்கு மனவுரிமை உண்டு. பன்னிரண்டு வயதிலும் உண்டு. பகுத்தறிவு மலருமுன் பிள்ளை பெற்றோரின் பராமரிப்பில், ஓர் ஆன்மிகக் கருவறையில் இருப்பதுபோல் இருக்கிறது என்றும், அறிவு மலர்ந்தபின் அது தனக்குரியதாகத் தொடங்குகிறது என்றும் தூய தோமா எழுதுகிறார். பெற்றோர் விருப்பத்துக்கு எதிராகப் பிறசமயத்தார் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது. கூடாது என்பதே அவர் முடிவு. நல்லதற்காகவும் வலிந்து பிடிக்கக்கூடாது என்று எண்ணிய அம்மேதையின் வழியில் நின்று பார்த்தால், பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வகுப்பில் தள்ளுவது அவ்வளவு எளிதான நன்மையாகத் தோன்றுவதில்லை.

ஆனால் அப்பதினான்கு பேரில் ஒருவனைப் பனங்காட்டிலேயே சந்தித்துப் பேசிய இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து சொன்னது இது: பையனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு. தமிழ்ப் பாடவேளையில் வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். தன் முறை வருமுன் ஏதாவது குறும்பு செய்து வெளியே அனுப்பப்பட்டுவிடுவான். பிறகு, அனுப்பப்படும் தொல்லையும் வேண்டாமென்று வராமலே இருந்துவிட்டான். போக்கிரி என்ற பெயரோடு ஊரில் நடமாடலாம்; ஏழாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரோடு நடமாட முடியாது. அவன் வயதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் முதல் வகுப்பு. தமிழகத்தில் சிறுவர் வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. எழுத்தறியும் பருவத்தில் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அவன் கரையிலேயே இருந்தான். திரும்பியபோது மூன்றாம் வகுப்பில் உட்காரவைக்கப்பட்டான். அக்காலத்தில் 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலர்கள் பல ஊர்களில் மாலை வகுப்பு நடத்தி இக்குறையை ஓரளவு போக்கினர். இவனை எவரும் எட்டவில்லை. அவன் மனவுரிமையோடு பனங்காட்டைத் தேர்ந்துகொண்டான் என்று இனியும் சொல்வோமா?

பங்குப் பேரவை என்ன முடிவெடுத்தது என்று கேட்பீர்கள். பெயர் வாசிப்பதில்லை என்று முடிவாயிற்று. அபராதத்தின் திசை மாற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறையாத எவரையும் பள்ளி நாளில் படகில் ஏற்றுவதில்லை, கரையிலும் வேலைக்கு வைப்பதில்லை என்று விசைப்படகு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டு, மீறும் உரிமையாளரே ஊருக்குப் பணம் கட்டுவார் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைப்பதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் எவ்வாறும் தடைசெய்கிறது. ஆனால் கடற்கரையில் சட்டத்தைவிட ஊர்க்கட்டு வேகமாக நடக்கும். அவர்களோடு பேசும்போது நாம் எடுத்துக்காட்டியது, 1852-இல் துரின் நகரில் புனித தொன் போஸ்கோ ஒரு தச்சரோடு எழுதிக்கொண்ட பயிற்சி ஒப்பந்தத்தை. பையனை அடித்துத் திருத்தக்கூடாது, சொல்லால் திருத்த வேண்டும், திருநாள்களில் அவனுக்கு ஓய்வு தர வேண்டும் என்று முதலாளியின் கையொப்பத்தை முத்திரைத் தாளில் வாங்கினார் அக்குரு. அவர் முதலில் பையனுக்கு அறிவுரை சொல்லப் போகவில்லை, முதலாளியிடம் போனார் என்பது படகு உரிமையாளர் ஒருவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவரே மற்றவர்களிடம் கையொப்பம் வாங்கினார்.

பள்ளியும் தன் பங்கைக் கட்டிற்று. திரும்பி வரும் பிள்ளையிடம் முதல் வாரம் "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?" என்று எவரும் வகுப்பில் கேட்கக்கூடாது என்று சகோதரி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். சிறு காரியம், ஆனால் வாயிலைத் தாண்டிய பிள்ளை இரண்டாம் நாளே திரும்பிப் போவது பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியால்தான். பங்கு மண்டபத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை கல்லூரி மாணவர் இருவர் எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்கிக் கற்பித்தனர். வெட்கம் வராதிருக்க, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தார்கள். திருவிழாவின் பத்து நாளும் பள்ளி பாதி காலியாகக் கிடப்பதையும் பேரவையில் யாரோ நினைவூட்டினார். காலை நவநாள் திருப்பலியை ஆறு மணிக்கு மாற்றியதில் இருவருக்கு வருத்தம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நாம் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. பட்டியலில் அவர்கள் மூவர் இருந்தார்கள். ஒருத்தியின் தாய் உப்பளத்துக்குப் போகிறவர். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்பதால் விடியுமுன்னே புறப்பட்டுவிடுவார். கைக்குழந்தையும் அடுப்பும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்தவளின் பொறுப்பு. இச்சிறுமிக்கு அறிவுரை தேவைப்படவில்லை, அபராதம் விதிக்கவும் அங்கே எதுவும் இல்லை. அன்பியத்துப் பெண்கள் நால்வர் முறை வைத்துக் காலை நேரத்தில் அக்குழந்தையைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து முதலில் பள்ளிக்குத் திரும்பியவள் அவள்தான். பெரிய கொள்கைகள் பேசும் நமக்கு, ஒரு தொட்டிலை வேறு வீட்டுக்கு மாற்றினால் ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்ப முடியும் என்பது தோன்றவேயில்லை. அது அப்பெண்களுக்கே தோன்றிற்று.

அரையாண்டுத் தேர்வுக்குள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். பனங்காட்டுப் பையன் வந்தான். இன்னும் திக்கித்தான் வாசிக்கிறான். மற்ற ஐவரில் நால்வர் குடும்பத்தோடு வேறு ஊர்களுக்குப் போய்விட்டனர். ஐந்தாமவனைப் பற்றிய கேள்வியைப் பேரவை இன்னும் தீர்க்கவில்லை என்று அங்கிருந்து வந்தவர்கள் நம்மிடம் சொன்னார்கள்.

அவனுக்குப் பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பில் சான்றிதழ் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவன். தந்தை படகு உரிமையாளர் ஒருவரிடம் வாங்கியிருந்த முன்பணம் அடையவில்லை. தந்தைக்கு முதுகில் அடிபட்டபின் மகன் அந்த இடத்தில் ஏறினான். ஒப்பந்தத்துக்குப் பிறகு உள்ளூரில் அவனை ஏற்றமாட்டார்கள் என்பதால் வேறொரு துறைமுகத்துக்குப் போய்விட்டான். மாதாமாதம் பணம் அனுப்புகிறான், முன்பணத்தில் கழிகிறது. அவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் அந்த முன்பணத்தை யாராவது கட்ட வேண்டும். பள்ளியும் அவனைப் பழைய வகுப்பிலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பதாகையில் உள்ள நூறு தொண்ணூற்றெட்டாகலாம். திருவிழா நிதியிலிருந்து முன்பணத்தைத் தீர்க்கலாமே என்று அதே வயது முதிர்ந்த அம்மா கேட்டாராம். பொருளாளர் நேர்மையான மனிதர். இவனுக்குக் கட்டினால் கரையில் முன்பணம் வாங்கிய ஒவ்வொரு வீடும் நாளை வாசலில் நிற்குமே, எதைக் கொண்டு கட்டுவது என்று அவர் கேட்டிருக்கிறார். அது தட்டிக்கழிக்கும் கேள்வி அன்று. ஆயினும், மற்ற வீடுகளைப் பிறகு ஒவ்வொன்றாக ஆராயலாம். இவ்வொருவனை அனுப்பியது நம் பள்ளி, ஆகவே இவன் கணக்கை முதலில் எடுக்க வேண்டியது நாமே என்று அவருக்கு எழுதியிருக்கிறோம். முன்பணத்தில் பாதியைத் தள்ளிவிட உரிமையாளர் இசைவார் என்றும் கேள்வி. அடுத்த பேரவைக் கூட்டம் தவக்காலத்தின் முதல் வாரத்தில் நடக்கிறது.